தொட்டியில் பெரிய மீன்

உப்பளத்துக்காரர் வைகுண்டமணிக்கு ஐம்பத்தேழு வயது. அவருக்கு மீன் பாடம் சொல்லிக்கொடுத்த சகாயராணிக்கு முப்பத்துநாலு. குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

தூத்துக்குடியில், தெரேஸ்புரம் கடற்கரையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள். அதில் கோமாளி மீன் குஞ்சு வளர்த்து விற்பதுதான் சகாயராணியின் பிழைப்பு. அவள் கையில் மீன் சாவது அபூர்வம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

வைகுண்டமணி முதல் தடவை அங்கே வந்தபோது சட்டைப் பையில் மூன்று சீட்டு வைத்திருந்தார். மூன்று மீன் கடைக்காரர்கள் எழுதிக் கொடுத்தது. ஒரு சீட்டில் இருந்த மீன் இன்னொன்றில் இல்லை. சாகப்போகிற மீனைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம்.

சந்தேகம் அவருக்குப் புதிதல்ல. சாயங்காலம் உப்புக் குவியல் மேல் மரப்பலகையால் முத்திரை குத்திவிட்டு வருவார். காலையில் போனதும் முத்திரை கலைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். முப்பது வருஷம் அப்படியே ஓடியிருந்தது.

வீட்டுத் தொட்டியைப் பற்றிச் சொன்னார். பன்னிரண்டடி நீளம். மார்பளவு ஆழம். முன்கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருந்த சுவரின் கீழ்ப்பாதியை இடித்துவிட்டு அந்த இடத்தில் வைத்தது. இரண்டு பக்கமும் கண்ணாடி. லாரியில் கடல் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பியாகிவிட்டது.

"எந்தெந்த மீன் எடுக்கலாம், சொல்லுங்க."

சகாயராணி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "அந்தத் தொட்டியில பெரிய மீன் எது அண்ணாச்சி?"

"இன்னும் ஒன்னுமே விடலையே."

"பெரிய மீன் எதுன்னு தெரிஞ்சாத்தான் அதோட எது ஒத்துப்போகும்னு சொல்ல முடியும். பாத்துட்டு வந்து சொல்லுங்க."

வெறும் தண்ணீரில் எதைப் பார்ப்பது? இவள் விவரமானவளா, அரைகுறையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் மீனே விற்காமல் ஆளைத் திருப்பி அனுப்புகிற கடைக்காரியை அவர் அதுவரை பார்த்ததில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். சூதைக் கண்டுபிடிக்க வந்த மனிதர் ஒரு மாதத்தில் அவளை "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

அவள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். ஒரு மண்டலம் தொட்டியில் மீனே விடக் கூடாது, தண்ணீர் பக்குவப்படட்டும் என்றாள். சாதுவான மீனை முதலில் விட வேண்டும், முரடனைக் கடைசியில். முதலில் வந்தது வீட்டுக்காரன் ஆகிவிடுமாம்.

புது மீனை விடுகிற விதத்தைக் கையாலேயே செய்து காட்டினாள். மீன் இருந்த பையைக் கட்டோடு தன் கொட்டகைத் தொட்டியில் மிதக்க விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பையைத் திறந்து, தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளர் உள்ளே ஊற்றினாள். பிறகு இன்னொரு டம்ளர். ஒரு மணி நேரம் ஆயிற்று.

வைகுண்டமணிக்குப் பொறுக்கவில்லை. இங்கேயும் உப்புத் தண்ணீர், அங்கேயும் உப்புத் தண்ணீர், இதற்கு எதற்கு இத்தனை சீராட்டு என்றார்.

"உள்ள இருக்கிறதுக்கு அவசரம் இல்லை அண்ணாச்சி. வாறதுக்குத்தான் அவசரம். உடனே இறங்கிட்டா தண்ணி ஒத்துக்காம செத்துரும்."

மண்டலம் முடிந்தது. அவள் பார்த்துப் பார்த்து இருபத்தொரு மீன் எடுத்துக் கொடுத்தாள். கோமாளி மீன் ஆறு, நீலக் குட்டி மீன்கள் எட்டு, வண்ணாத்தி மீன் மூன்று, ஓரா மூன்று. கடைசியாக ஒரே ஒரு கிளாத்தி, பல் துருத்திக்கொண்டு. அதைப் பார்த்ததும் வைகுண்டமணி, பெரிய மீன் எது என்று கேட்டீர்களே, இதோ இதுதான் என்றார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் வைகுண்டமணியும் அவர் தம்பி சுயம்புலிங்கமும் இருபத்திரண்டு வருஷமாக ஒரே உலைச் சோறு. முதல் வாரம் இரண்டு குடும்பமும் தொட்டி முன்னாலேயே கிடந்தது. சுயம்புலிங்கத்தின் சின்னப் பெண் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டே இட்லி தின்றாள். அண்ணனுக்கு உப்பளம் போதாதென்று வீட்டுக்குள்ளேயே கடலைக் கொண்டுவந்துவிட்டார் என்று தம்பி கேலி பண்ணினான். எல்லாரும் சிரித்தார்கள். வைகுண்டமணி சிரிக்கவில்லை. இவன் ஏன் இப்படிச் சொல்கிறான் என்று யோசித்தார்.

இரண்டாவது மாதம் மீன் குறைய ஆரம்பித்தது.

காலை ஆறு மணிக்குத் தொட்டி முன்னால் நின்று எண்ணுவார். உப்பளத்தில் ஆள் எண்ணுகிற மாதிரியே, மோதிரக் கையால் கண்ணாடியை 'டொக், டொக்' என்று தட்டி, டார்ச் அடித்து, பாறை இடுக்கெல்லாம் பார்த்து எண்ணுவார். உப்பளத்திலிருந்து திரும்பியதும் மறுபடி ஒரு தரம். இருபத்தொன்று பதினெட்டு ஆயிற்று. பதினாலு ஆயிற்று.

தீவனம் போடுவது அவர் மனைவி தங்கபுஷ்பம். அவர் வேலைக்குப் போன பிறகு, சாப்பாட்டு அறைப் பக்கம் நின்று போடுவாள். எல்லா மீனும் இருக்கத்தானே செய்கிறது என்றாள் அவள். அவள் அப்படிச் சொன்னது அவருக்கு இன்னும் சந்தேகமாகப் போயிற்று. யாரையோ காப்பாற்றப் பார்க்கிறாள்.

சுயம்புலிங்கத்தின் கூட்டாளி ஒருவன் மீன் கடை வைத்திருப்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அன்றைக்கே தொட்டி மூடியின் இடுக்கை எல்லாம் காகிதம் ஒட்டி அடைத்தார். தீவனம் போட நாலு விரல் அகலத்துக்கு மட்டும் வழி விட்டார். ஒட்டின காகிதத்தின் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டார். உப்புக் குவியலுக்கு முத்திரை குத்தத் தெரிந்தவருக்கு மீனுக்குக் குத்தத் தெரியாதா?

காலையில் முத்திரை கலையாமல் இருந்தது. மீன் பன்னிரண்டுதான் இருந்தது.

அப்படியானால் திருடன் உள்ளேதான் இருக்கிறான். கிளாத்தியை வலை போட்டுப் பிடித்து, வாளியில் வைத்துச் சகாயராணியிடம் கொண்டுபோனார். இவன்தான் மற்றதைத் தின்கிறான் என்றார். அவள் ஒன்றும் கேட்காமல் வாங்கித் தன் தொட்டியில் விட்டாள். அடுத்த வாரம் எண்ணிக்கை இன்னும் இறங்கியது. ஓரா மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொண்டுவந்தார். நாலும் அவள் கொட்டகையில், விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகளுக்கு நடுவில், மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. குஞ்சு ஒன்றுகூடக் குறையவில்லை.

அதைப் பார்த்ததும் அவருக்கு டீச்சர் மேலேயே சந்தேகம் வந்தது. நல்ல மீனை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ள இவள் செய்த ஏற்பாடோ?

இதற்குள் முத்திரைக் காகிதம் சுயம்புலிங்கத்தின் கண்ணில் பட்டிருந்தது. அவன் சண்டை போடவில்லை. பாண்டுரங்கன் தெருவில் ஒரு வீடு பார்த்தான். அவன் மனைவி சந்திரகனி புது அடுப்பு வாங்கினாள். வெள்ளிக்கிழமை அங்கே பால் காய்ச்சுவதாகத் தங்கபுஷ்பத்திடம் மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை வைகுண்டமணி கொட்டகைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"எண்ணினேன். ஏழுதான் இருக்கு. தம்பி வெள்ளிக்கிழமை வீட்டை விட்டுப் போறான். அவன் போறதுக்குள்ள உண்மை தெரியணும் டீச்சர். அவன் எடுக்கலைன்னா நான் தப்புப் பண்ணிட்டேன். எடுத்திருந்தா அவன் போகட்டும்."

"நாளைக்குக் காலையில நான் வாறேன்," என்றாள் சகாயராணி. "வீட்டுல யாருக்கும் சொல்லாதிய. உங்க கார் மட்டும் உப்பளத்துக்குப் போகட்டும். நீங்க போக வேண்டாம்."

வைகுண்டமணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. கையும் களவுமாகப் பிடிக்க டீச்சர் வழி சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை முன்வாசல் வழியாக அவளை உள்ளே விட்டு, முன்கூடத்துக் கதவைச் சாத்தினார். அவள் ஒரு பெரிய கறுப்புத் துணி கொண்டுவந்திருந்தாள். முன்கூடத்துப் பக்கத்துக் கண்ணாடியை அதனால் முழுக்க மூடினாள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் முன்கூடம் இருட்டிக் கிடக்கிற மாதிரிதான் தெரியும். துணியில் ஓரிடத்தில் கத்தரிக்கோலால் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை போட்டாள். அதன் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டாள்.

"உக்காருங்க. தட்டக் கூடாது. டார்ச் கூடாது."

வெளியே டிரைவர் காரைக் கிளப்பிக்கொண்டு போனார். சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர், வெறும் பாறை.

அப்புறம் ஒரு பொந்திலிருந்து ஒரு மூக்கு நீண்டது. உள்ளே போயிற்று. மறுபடி நீண்டது. ஒரு நீலக் குட்டி மீன் முழுசாக வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பாறைக்கு அடியிலிருந்து வண்ணாத்தி மீன் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வைகுண்டமணியின் உதடு தானாக எண்ணியது. பத்து. பதிமூன்று. பதினாறு.

பதினேழு. கொட்டகையில் இருக்கும் நாலைச் சேர்த்தால் இருபத்தொன்று.

அவர் திரும்பி டீச்சரைப் பார்த்தார். ஓட்டையைப் பார்க்கச் சொல்லி அவள் கண்ணைக் காட்டினாள்.

மீன்களுக்கு அப்பால், தண்ணீருக்கு அப்பால், எதிர்க் கண்ணாடியில் சாப்பாட்டு அறை தெரிந்தது. முதலில் தங்கபுஷ்பம் வந்தாள். தீவனம் போட்டாள். சின்னப் பெண் வந்து மூக்கைக் கண்ணாடியில் ஒட்டினாள். சந்திரகனி இட்லிச் சட்டியோடு வந்தாள். சுயம்புலிங்கம் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தான். யாரோ ஏதோ சொன்னார்கள். எல்லாரும் பேசினார்கள்.

பிறகு சுயம்புலிங்கம் எழுந்தான். வேட்டியை மடித்துக் கட்டி, வயிற்றை முன்னால் தள்ளி, ஒரு கரண்டியால் டம்ளரை 'டொக், டொக்' என்று தட்டினான். கண்ணை இடுக்கிக்கொண்டு இட்லியை விரல்விட்டு எண்ணினான். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சின்னப் பெண் சிரித்துச் சரிந்தாள். சந்திரகனி முந்தானையால் வாயைப் பொத்தினாள். தங்கபுஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து அவர் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அச்சு அசலாக அவரேதான். வைகுண்டமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தன்னை மறந்து முன்னால் சாய்ந்து கண்ணாடியில் கையை ஊன்றினார்.

மோதிரம் பட்டது. டொக்.

பதினேழு மீனும் ஒரு நொடியில் காணாமல் போயின.

அந்தப் பக்கம் சுயம்புலிங்கத்தின் கை அப்படியே நின்றது. கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தான். சந்திரகனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவன் கை கழுவாமலேயே எழுந்து போனான். தங்கபுஷ்பம் ஒரு தரம் தொட்டிப் பக்கம் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். மேசையில் பாதி தின்ற இட்லி மட்டும் இருந்தது.

வைகுண்டமணி ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்க ரொம்ப நேரமாயிற்று.

"அன்னைக்குப் பெரிய மீன் எதுன்னு கேட்டியளே டீச்சர்."

"கேட்டேன்."

"நான் தண்ணிக்குள்ளேயே தேடிக்கிட்டு இருந்துட்டேன்."

சகாயராணி கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அவர் மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார். முப்பது வருஷத்து மோதிரம், விரலை விட்டு வரவில்லை. கல் இருந்த பக்கத்தை உள்ளங்கைக்குத் திருப்பி விரலை மடக்கிக்கொண்டார். சாப்பாட்டு அறைக்குப் போகிற கதவைப் பார்த்தார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. இப்பவே அந்தப் பக்கம் போயி அவங்ககிட்டப் பேசிரவா?"

"போங்க அண்ணாச்சி. ஆனா உடனே இறங்கிராதிய," என்றாள் சகாயராணி. "கொஞ்ச நேரம் பையோட மிதங்க."