அண்டாவும் ஒரு ஜோடிச் செருப்பும்

"எல்லார் வீட்டு பீரையும் குடிக்கீங்க. என் பீரை மட்டும் ஏன் குடிக்க மாட்டேங்கீங்க, குருவே?"

கேட்டவர் சுடலைமுத்து. வயது ஐம்பத்திரண்டு.

குருவுக்கு முப்பத்து நான்கு. பெயர் ஃபிலோமினா. தூத்துக்குடிக்காரர். நியூசிலாந்தின் தென்கோடியில் ஒரு துறைமுக ஊரில் கப்பல்களுக்கு மின்வேலை பார்க்கிறார்.

அந்த ஊரில் வீட்டிலேயே பீர் காய்ச்சும் தமிழர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். யார் பீரை அவர் ஒரு கோப்பை குடிக்கிறாரோ, அந்த ஆள் தேறிவிட்டார் என்று அர்த்தம்.

எட்டுப் பேர் தேறிவிட்டார்கள்.

மூன்று குளிர்காலமாக சுடலைமுத்துவும் பாட்டிலும் கோப்பையுமாகக் குருவின் கொட்டகைக்கு வருகிறார். குரு கோப்பையை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்.

இன்றும் கவிழ்த்து வைத்தார்.

"நல்லா இல்லையா?"

"வாசனையே சொல்லுதே. நல்லாத்தான் இருக்கு."

"பொறகு?"

"அண்டாவை போட்டோ எடுத்து அனுப்பினீங்களே அண்ணாச்சி. பாத்தேன்."

அது கல்யாண அண்டா. எவர்சில்வர். திருநெல்வேலியிலிருந்து வீட்டுச் சாமான்களோடு கப்பலில் வந்தது. எழுபது லிட்டர் பிடிக்கும். சுடலைமுத்து அதன் விலாவில் இரண்டு ஓட்டை போட்டார். பழைய கெட்டில்கள் இரண்டிலிருந்து சூடேற்றும் காயில்களைக் கழற்றி அதில் பொருத்தினார். ஓட்டையைச் சுற்றிப் பசை வைத்து அடைத்தார்.

"கடையில விக்கிற அண்டாவை வாங்கினாத்தான் குடிப்பீங்களோ?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"வீட்டுல செஞ்சா மட்டமா?"

குரு கட்டைவிரலால் பின்னால் காட்டினார். கொட்டகை மூலையில் அவர் பீர் காய்ச்சும் கொப்பரை நின்றது. அதுவும் கையால் செய்ததுதான். அதன் காலிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக ஒரு வயர் சுவருக்குப் போனது.

சுடலைமுத்து வயரைப் பார்க்கவில்லை. கொப்பரையை மட்டும் பார்த்தார்.

"ஆங்! நீங்க செஞ்சா சரி. நான் செஞ்சா தப்பு."

குரு கவிழ்த்த கோப்பையை ஓரமாக நகர்த்தினார்.

"நாப்பத்தொரு வாட்டி காய்ச்சியாச்சு குருவே. நாப்பத்தொண்ணு! ஒண்ணும் ஆகல. பாருங்க, முழுசா நிக்கேன்."

குரு அவரை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார். பார்வை பாதத்தில் சற்று நின்றது.

"நாப்பத்திரண்டாவது என்னைக்கு?"

"சனிக்கிழமை."

"வாரேன்."

*

சனிக்கிழமை காலை குரு வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றி அதற்குள் செருகினார்.

கூடத்தில் சுடலைமுத்துவின் மனைவி கோமதி உட்கார்ந்து ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தார்.

"வா பிலோ. சோறு கிடையாது. இன்னைக்கு இந்த ரொட்டிதான்."

"ஏன் மதினி?"

"பீர் காய்ச்சுத நாள்ல அடுப்படிப் பக்கம் நான் போகக்கூடாதாம். அந்தக் காலத்துல மூணு நாள் வீட்டுக்கு வெளிய உக்கார வைப்பாங்கள்ல, அந்த மாதிரி. எனக்கு அதெல்லாம் நின்னே ரெண்டு வருஷமாச்சு. இங்க வந்து புதுசா வெலக்கி வச்சிருக்காரு."

உள்ளேயிருந்து சுடலைமுத்துவின் குரல் வந்தது.

"அடுத்த கை பட்டா பீர் புளிச்சிரும். அதான்!"

"கொதிக்கையிலயா?" என்றார் குரு.

உள்ளே கரண்டி அண்டாவில் தட்டும் சத்தம் கேட்டது.

கொதிக்கிற எதையும் யார் கையும் புளிக்க வைக்காது. ஆறிய பிறகுதான் அந்தக் கவலை. அதை முதல் நாளே சொல்லிக்கொடுத்தவர் குரு.

அவர் அடுப்படி வாசலுக்குப் போனார். அண்டா தரையில் இருந்தது. பொங்கிக்கொண்டிருந்தது. பசை வைத்த இடத்தில் ஒரு துளி திரண்டு விழுந்தது. தரையில் ஏற்கெனவே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"உள்ள வராதீங்க! அங்கயே இருங்க. நாற்காலி போடுதேன்."

சுடலைமுத்து நாற்காலியை வாசற்படியிலேயே போட்டார். குரு உட்கார்ந்தார். அவர் முழங்காலை ஒட்டியிருந்த சுவரில்தான் அண்டாவின் பிளக் செருகியிருந்தது.

சுடலைமுத்து நீண்ட மரக்கரண்டியால் கிண்டினார். காலில் நீல நிற ரப்பர்ச் செருப்பு.

"வீட்டுக்குள்ள செருப்பா அண்ணாச்சி?"

"தரை குளிருது."

"எனக்கும் அதே தரைதான்!" கூடத்திலிருந்து கோமதி குரல் கொடுத்தார். "எனக்கு ஒரு ஜோடி வாங்கித் தரலியே!"

சுடலைமுத்து வேகமாகக் கிண்டினார்.

"பச்சை மஞ்சள்ல எர்த் வயர் இருக்கணுமே, எங்க?" என்றார் குரு.

"வெட்டிட்டேன்."

"ஏன்?"

"அது இருந்தா பாதுகாப்பு ஸ்விட்ச் சும்மா சும்மா விழுந்து கரண்டை நிறுத்திருது. ஒரு கொதி வரதுக்குள்ள பத்து வாட்டி."

"வெட்டின பொறகு?"

"விழல." கொஞ்சம் யோசித்தார். "எப்பவாச்சும் விழும்."

"எப்பவாச்சும்னா எப்ப?"

"நான் அண்டாவைத் தொட்டா."

குரு தரையிலிருந்த ஈரத்தைப் பார்த்தார்.

"அதான் அந்த ஸ்விட்சையே தாண்டித் தனியா ஒரு வயர் இழுத்துட்டேன். இப்ப விழுதா? விழவே விழாது!"

"அப்ப குரைச்ச நாயோட வாயைக் கட்டியாச்சு."

"பின்ன? நுரை பொங்குத நேரத்துல கரண்ட் போனா யாரு பதில் சொல்லுவா? நாயா வந்து காய்ச்சும்?"

"இப்பத் தொட்டா எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. எப்பவாச்சும் எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னு."

"இந்தக் குளிர்ல எறும்பு ஏது அண்ணாச்சி?"

சுடலைமுத்து கரண்டியை அண்டாவின் விளிம்பில் தட்டினார். முகம் சிவந்துவிட்டது.

"சரி, நேராவே கேக்கேன். நீங்களும் இந்த நாட்டுக்காரங்க மாதிரி ஆயிட்டீங்களா? இங்க எல்லாத்துக்கும் பயம். ஏணியில ஏற ஒரு வகுப்பு. ஆணி அடிக்க ஒரு காயிதம். வீட்டுக்குள்ள லைட்டு மாத்தணும்னா ஒருத்தன் வண்டியில வந்து கையெழுத்துப் போடணும். நாம அப்படியா வளந்தோம்? நம்ம ஊர்ல கரண்ட் வயரைப் பல்லால உரிச்சவங்க நாங்க!"

"நானும் உரிச்சிருக்கேன்."

"அப்படிச் சொல்லுங்க! பயந்தவன் பீர் காய்ச்ச முடியாது. சோறு கூடப் பொங்க முடியாது."

"சரிதான்."

"என் வீடு. என் அண்டா. என் உசிரு."

"எல்லாம் உங்களதுதான்."

"பொறகு எதுக்கு இந்த விசாரணை?"

குரு காலை மடக்கி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு வாட்டி எனக்காகச் சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி. இந்த அண்டாவால ஒண்ணும் ஆகாதுன்னு. சொல்லிட்டீங்கன்னா இப்பவே கோப்பையை எடுங்க. குடிச்சிட்டுப் போறேன்."

சுடலைமுத்து சிரித்தார். மூன்று குளிர்காலம். இவ்வளவுதானா?

அலமாரியிலிருந்து கோப்பையை எடுத்தார். சென்ற மாதப் பாட்டிலைத் திறந்து நிறைய ஊற்றினார். நுரை விளிம்புவரை எழுந்து நின்றது. இன்னொரு கையில் மரக்கரண்டியோடு மார்பை நிமிர்த்தினார்.

"இந்த அண்டாவால ஒண்ணும் ஆகாது! யாருக்கும் ஒண்ணும் ஆகாது! போதுமா?"

"கேட்டுச்சு," என்றது கூடத்திலிருந்து ஒரு குரல்.

நாற்காலி நகரும் சத்தம். பிறகு காலடிகள்.

கோமதி வந்தார். வெறுங்கால். ஜாம் கழுவிய கை ஈரமாக இருந்தது. அந்தக் கையில் சாம்பார்ச் சட்டியின் எவர்சில்வர்க் கரண்டி.

"யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னா எனக்கும் ஆகாதுல்ல? தள்ளும். நான் கிண்டுதேன்."

"நீ எதுக்கு இப்ப..."

"மூணு வருஷம்! என் வீட்டு அடுப்படி. எங்க அப்பா வாங்கிக் குடுத்த அண்டா. சீர்வரிசைல வந்தது. உம்ம அண்டாவாம்! நான் என் அண்டாவுல ஒரு கிண்டு கிண்ட யாரைக் கேக்கணும்? வழி விடு பிலோ."

வழிவிடுவதற்காகக் குரு சுவரோரமாகக் குனிந்தார்.

கோமதி படியைத் தாண்டினார். ஈரத் தரையில் கால் வைத்தார். கரண்டியை நீட்டினார்.

"தொடாதே!"

கோப்பை சுடலைமுத்துவின் கையிலிருந்து விழுந்து உடைந்தது. அந்தக் கூச்சலில் தெருவில் ஒரு நாய் குரைக்கத் தொடங்கியது. இருபத்தேழு வருட தாம்பத்தியத்தில் கோமதி அந்தக் குரலைக் கேட்டதில்லை.

கரண்டி அண்டாவுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

அடுப்படி அமைதியாக இருந்தது. அண்டாவில் ஒரு குமிழிகூட இல்லை. கொதி அடங்கியிருந்தது.

பிளக் குருவின் மடியில் கிடந்தது.

சுடலைமுத்து அதைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி பிளக்கைப் பார்த்தார்.

கோமதி கரண்டியை இறக்கவில்லை.

"இப்பத்தான ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீரு?"

சுடலைமுத்து மரக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீரு நாப்பத்தொரு வாட்டி தொட்டீரு. நான் ஒரே ஒரு வாட்டி ஏன் தொடக்கூடாது?"

சுடலைமுத்து ஈரத் தரையில் நின்ற கோமதியின் வெறுங்காலைப் பார்த்தார்.

பிறகு குனிந்து தன் காலிலிருந்த நீல ரப்பர்ச் செருப்பைப் பார்த்தார்.