பம்பு கேட்ட டாக்டர்

“அந்தப் பம்பை எப்பத்தான் என் கையில குடுப்பீங்க, மேடம்?” என்று கேட்டார் இருதயராஜ்.

டாக்டர் நப்பின்னை மோர் டம்ளரிலிருந்து நிமிர்ந்தார்.

“காலையில சாப்பிட்டீங்களா, சார்?”

“சாப்பிட்டேன். தோசை.”

“எப்படி இறங்குச்சு?”

“எப்படின்னா? தோசை எப்படி இறங்கும்? அது பாட்டுக்கு இறங்குச்சு.”

“அப்ப இன்னும் நாளாகும்.”

இது என்ன பதில், சொல்லுங்கள்! கேட்டது பம்பு, வந்தது தோசை.

இருதயராஜ் ஒன்றும் சின்னப் பிள்ளை இல்லை. திருநெல்வேலிச் சீமையில் பாதி வயிறுகளைத் திறந்து மூடிய சர்ஜன். தலை நரைத்த பிறகு, கத்தியில்லாமல் வைத்தியம் பார்க்கும் வித்தையைக் கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டது. அந்த வித்தையில் கைதேர்ந்தவர் நப்பின்னை. இவரைவிடப் பத்து வயது இளையவர். வெட்கப்படாமல் அவரிடமே போய் நின்றார். அதுவரைக்கும் இருதயராஜைப் பாராட்டத்தான் வேண்டும்.

வித்தை இதுதான். குரோன்ஸ் என்று ஒரு நோய். குடலைப் புண்ணாக்கும். புண் ஆறும்போது தழும்பு இறுகிக் குழாயைச் சுருக்கிவிடும். சிலருக்கு இரைப்பையைத் தாண்டியதுமே வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் தின்றது கீழே போகாது. நேற்றுச் சாப்பிட்ட சோறு இன்றைக்கு வாந்தியாக வரும். மருந்து ஒரு பக்கம் ஓடும். இன்னொரு பக்கம், வாய் வழியாக ஸ்கோப் என்கிற கேமராக் குழாயை விட்டு, சுருங்கிய இடத்தில் ஒரு சின்னப் பலூனை வைத்து, வெளியிலிருந்து பம்பை அழுத்தி மெல்ல விரிக்க வேண்டும். விரிந்தால் சோறு இறங்கும். அளவு மீறினால் குடல் கிழிந்துவிடும்.

ஸ்கோப்பை இருதயராஜ் நன்றாகவே ஓட்டினார். பலூனையும் சரியான இடத்தில் வைத்தார். பம்பு மட்டும் அந்தம்மா கையை விட்டு நகரவில்லை.

அன்றைக்குப் படுக்கையில் கோமதிநாயகம். மினிபஸ் ஓட்டுகிறவர். மகள் கல்யாணத்தில், மறுவீட்டுப் பந்தியில் ஊரே தேங்காய்ப்பால் ஊற்றிய சொதிச் சோறு சாப்பிட, பெண்ணைப் பெற்றவர் இளநீரோடு உட்கார்ந்திருந்தார்.

மயக்க ஊசி போடுமுன் நப்பின்னை குனிந்து கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்வி அது.

“நல்லானதும் முதல்ல என்ன சாப்பிடணும், அண்ணாச்சி?”

“சொதிச் சோறும்மா. இஞ்சிப் பச்சடியோட. ஒரு வாய் உள்ள போயி நின்னா போதும்.”

பலூன் விரிந்தது. பம்பிலிருந்த மீட்டரில் முள் ஏறியது. பாதியிலேயே நப்பின்னை கையை எடுத்துவிட்டார்.

“இன்னும் விரிக்கலாமே, மேடம். மீட்டர்ல இடம் இருக்கு.”

“பசி மீட்டருக்கா, அவருக்கா?”

“கிழிஞ்சா என்ன, நான் எதுக்கு இருக்கேன்? தைச்சிடறேன்.”

பெருமையாகத்தான் சொன்னார். நப்பின்னை பலூனைச் சுருக்கினார். பம்பைத் தட்டில் வைத்தார்.

“நாளைக்குக் காலையில இவருக்கு நீங்கதான் ஊட்டிவிடணும், சார்.”

“நானா? நான் சர்ஜன், மேடம்!”

“கை இருக்குல்ல?”

“ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க” என்று சிஸ்டர் பிலோமினா மூலையில் நின்று முணுமுணுத்தது இருதயராஜின் காதில் நன்றாகவே விழுந்தது.

வீட்டில் மனைவி ஜெசிந்தா கேட்டார். “பம்பு குடுத்தாங்களா?”

“கரண்டி குடுத்திருக்காங்க.”

புலம்பிக்கொண்டேதான் சாப்பிட்டார். ஆனாலும் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

மறுநாள் குழைந்த சோற்றில் சொதியை ஊற்றிப் பிசைந்து எடுத்துப் போனார். முகம் உர்ரென்று இருந்தது. கோமதிநாயகம் ஒரு வாய் வாங்கினார். முழுங்கவில்லை.

“முழுங்குங்க அண்ணாச்சி. வலிக்குதா?”

இல்லை என்று தலையை ஆட்டினார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் தொண்டை அசைந்தது.

“ஏன் அவ்வளவு நேரம்?”

“உள்ள போயிட்டா தீந்துருமே, சார். கொஞ்சம் வாயிலயே கெடக்கட்டும்னு பாத்தேன்.”

பிறகு இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தங்குமா, திரும்பி வருமா? வரவில்லை. அவருடைய கையைத் தான் பிடித்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் இருதயராஜ் கவனித்தார்.

“ஊட்டியாச்சு, மேடம்” என்று போய்ச் சொன்னார்.

“என்ன பார்த்தீங்க?”

“சாப்பிட்டார்.”

“அடுத்தவங்களுக்கும் ஊட்டுங்க.”

ஊட்டினார். ஒருவருக்கு வெண்பொங்கல். பீடி சுற்றுகிற ஒரு அம்மாவுக்கு மீன் குழம்புச் சோறு. டீச்சர் ஒருத்தி, ஒரு டம்ளர் காப்பியை நிறுத்தாமல் குடிக்க வேண்டும் என்றாள். டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒவ்வொரு தடவையும் நப்பின்னை வாசல் பக்கம் வந்து நின்று, சாப்பிடுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எதையும் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. எப்போதும் மோர், இல்லாவிட்டால் கஞ்சித் தண்ணி.

“இருக்கிறதே எலும்பு, இதுக்கு டயட் வேறயா?” என்று இருதயராஜ் கேலிகூடச் செய்தார். அந்தம்மா சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சில மாதம் கழித்துக் கோமதிநாயகம் திரும்பி வந்தார். குழாய் மறுபடி சுருங்கியிருந்தது.

இருதயராஜுக்குப் பொறுக்கவில்லை. “அன்னைக்கே நல்லா விரிச்சிருந்தா இந்த மனுஷன் மறுபடி வருவாரா? ஒரேயடியா முடிக்க வேண்டாமா, மேடம்?”

“காலையிலதான் தோசை சாப்பிடுறீங்களே, மத்தியானம் எதுக்கு சாப்பிடுறீங்க?”

குழாயை மறுபடி விரித்தார்கள். மறுநாள் இருதயராஜ் கோமதிநாயகத்துக்குச் சொதி ஊட்டினார். இந்தத் தடவை இஞ்சிப் பச்சடியை மறக்கவில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை. பலூன் கேஸ் தயாராக இருக்கிறது என்று பிலோமினா கூப்பிட்டார். உள்ளே போனால் நோயாளியைக் காணோம். நப்பின்னை மட்டும் நின்றிருந்தார், நோயாளிகள் போடும் பச்சை உடுப்பில்.

“பேஷன்ட் எங்க, மேடம்?”

நப்பின்னை செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

மோர் டம்ளர் ஒவ்வொன்றாக இருதயராஜின் கண் முன்னால் வந்தது. டயட் என்று சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“எவ்வளவு காலமா?”

“காலேஜ்ல படிக்கும்போதே வந்துடுச்சு. அப்பப்ப மதுரையில போய் விரிச்சுக்குவேன்.”

“ஐயோ, அப்ப மதுரைக்கே போங்க! என்னை ஏன் சோதிக்கிறீங்க?”

“அங்க யாரும் ஊட்ட மாட்டாங்க, சார்.”

சொல்லிவிட்டு, தட்டிலிருந்த பம்பை எடுத்து அவர் கையில் வைத்தார்.

எவ்வளவு ஏங்கிய பம்பு! இப்போது அதைப் போட்டுவிட்டு ஓடிப்போகலாமா என்றிருந்தது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. குனிந்து கேட்டார்.

“நல்லானதும் முதல்ல என்ன சாப்பிடணும், மேடம்?”

அந்தம்மாவிடம் அதை யாரும் கேட்டதில்லை போலும்.

“சுட்ட அப்பளம். நொறுங்குற சத்தம் என் காதுல கேட்கணும்.”

இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தார். ஸ்கோப்பைக் கடிக்காதபடி வாயில் பல்காப்பை வைத்தார்கள். ஊசி ஏறியது, கண்ணும் மூடிக்கொண்டது. இருதயராஜ் பலூனை வைத்துப் பம்பை அழுத்தினார். இனி எங்கே நிறுத்துவது என்று சொல்ல ஆளில்லை.

முள் ஏறியது. வழக்கமாக நப்பின்னை நிறுத்துகிற இடம் வந்தது. இன்னும் கொஞ்சம் விரித்தால் இந்தப் பொண்ணு இன்னும் நல்லா சாப்பிடுமே என்று இருதயராஜின் மனசு அடித்துக்கொண்டது. அத்தனை ஆசையாக இருந்தது. கிழிந்தால்? தைத்துவிடலாம் என்ற நினைப்பு வரவே இல்லை. பம்பிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“போதும்” என்றார்.

“இடம் இருக்கே, சார்” என்றார் பிலோமினா.

“போதும் சிஸ்டர்.”

மறுநாள் காலையில் குழைந்த ரசஞ்சோறும் ஒரு சுட்ட அப்பளமும் கொண்டுபோனார். ரசஞ்சோற்றில் நாலு வாய் இறங்கிய பிறகு, அப்பளத்தின் ஓரத்தைக் கிள்ளி ஊட்டினார்.

“நல்லா மென்னு, மெதுவா.”

நொறுங்கியது. நப்பின்னை கண்ணை மூடிக்கொண்டார். முழுங்கவில்லை. இருதயராஜ் அவசரப்படுத்தவில்லை.

வெகுநேரம் கழித்துத் தொண்டை அசைந்தது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். வெளியே யாரோ டிராலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

தங்கிவிட்டது.

நப்பின்னை கண்ணைத் திறந்தார்.

“காலையில சாப்பிட்டீங்களா, சார்?”

“இல்லை.”

“ராத்திரி?”

“இல்லை, மேடம்.”

“ஏன்?”

“இறங்கலை.”

அந்தம்மா தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து இரண்டாக ஒடித்தார். பெரிய பாதியை அவரிடம் நீட்டினார்.