இறுக்காத தோட்டா

தென்காசிப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு துப்பாக்கி சுடும் மன்றம். அதன் ஆயுத அறை மீரான் உஸ்தாத் பொறுப்பில் இருந்தது. அவரிடம் தோட்டா நிரப்பக் கற்றுக்கொள்ள வந்தவர் ராயப்பன். சீடர் என்றதும் சின்னப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். இருவருக்கும் ஒரே வயது. ராயப்பன் ஓய்வுபெற்ற ஏட்டையா. ஆள் பெரிய உருவம், பிடிவாதம் அதைவிடப் பெரிது.

ஒரே மகள் ஜான்சி தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. "அவளா வரட்டும். நான் ஒரு அங்குலம் அசைய மாட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சொன்ன மனுஷன்தான் கிறிஸ்துமஸ் வந்தால் பஸ் நிறுத்தத்தில் போய் நிற்பார். கேட்டால், காற்று வாங்க வந்தேன் என்பார். டீசல் புகையில் நல்ல காற்றுதான் போங்கள்!

அந்தக் கிறிஸ்துமஸ் வாரமும் முகம் தொங்கித்தான் வந்தார்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு பெட்டியும் பிள்ளையுமா வந்து இறங்கிட்டா, உஸ்தாத். எதிர்வீட்டுக்காரி நேத்தே வந்தாச்சு. யார் வீட்டு மகளோ வந்தா என் நெஞ்சு ஏன் ஆடணும்? நான் உக்காந்த இடத்துலதானே இருக்கேன்?"

உஸ்தாத் ஈயத்தை உருக்கி வார்த்த குண்டுகளை எடுத்து முன்னால் வைத்தார். வழக்கமானதைவிடக் கனத்த குண்டுகள்.

"ரிவால்வர் உருளைக்கு ஆறு தோட்டா நிரப்பும், வே."

ராயப்பன் பித்தளைக் கூட்டில் வெடிமருந்தை அளந்து போட்டார். மேலே குண்டை அழுத்தி, அது நகராதபடி கூட்டின் வாயை இறுக்கினார். ஒவ்வொன்றாக முடித்துக் கடைசித் தோட்டாவுக்கு வந்ததும் சலித்துக்கொண்டார்.

"இதையும் இறுக்கணுமா? இந்தக் கனத்துக்கு இது எங்க போயிடப் போகுது?"

"சரி, விடும்."

சுடும் மைதானத்துக்குப் போனார்கள். ராயப்பன் சுட்டார். ஒவ்வொரு வெடிக்கும் ரிவால்வர் கையை உதைத்தது. கடைசித் தோட்டாவின் முறை வந்தபோது உருளை சுற்றவில்லை, சிக்கி நின்றுவிட்டது.

உஸ்தாத் பதனமாகத் திறந்து தோட்டாவை எடுத்துக் காட்டினார். குண்டு கூட்டிலிருந்து பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது. அதன் மூக்குதான் உருளைக்கு வெளியே நீண்டு துப்பாக்கிச் சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

"அடப்பாவமே! இதை நான் சுடவே இல்லையே?"

"மத்ததைச் சுட்டீருல்லா? அந்த உதை அத்தனையும் இதுக்கும்தான்."

"இவ்வளவு கனத்த குண்டா நகர்ந்துச்சு?"

"கனம் கூடக் கூடத்தான் வே நகரும்."

ராயப்பன் தோட்டாவை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஜான்சியைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, வேறொன்றும் வேண்டாம் போலிருந்தது.

"அப்போ நானும் மனசை நல்லா இறுக்கிக்கிடணும். அதானே, உஸ்தாத்?"

"இறுக்கும், வேண்டாங்கலை." உஸ்தாத் விரலில் இருந்த கரியைத் துடைத்தார். "மத்ததையெல்லாம் இறுக்கினீரே, எதுக்கு? கூட்டுக்குள்ளயே கெடக்கவா? நேரம் வந்தா குறிக்குப் போகத்தானே?"

ராயப்பன் உள்ளங்கையில் இருந்த தோட்டாவைப் பார்த்தார்.

"தூத்துக்குடி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. எந்திரியும்."