மாவு பொங்கி ஃபேனைத் தொட்ட கதை

என் வீட்டுக்காரர் சொரிமுத்து எதைச் சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும். இது எனக்குக் கல்யாணத்துக்கு முன்னால் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு, குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் பின்னால் ஆறாவது அருவி ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். நானும் நம்பி, எங்கே என்று கேட்டேன். "அத முதல்ல உனக்குத்தான் காட்டணும்னு தென்னோலை போட்டு மூடிட்டு வந்திருக்கேன்" என்றார். எங்கள் அண்ணன் தளவாய் அப்போதே, "இந்த மாப்பிள்ளை வேண்டாம், வாய் நீளம்" என்றான். எனக்கு அந்த வாய்தான் பிடித்திருந்தது.

பாளையங்கோட்டையில் பழைய பைக் வாங்கி விற்கும் கடை அவருக்கு. அந்தத் தொழிலுக்கு வாய்தான் முதலீடு. அடுப்படிப் பக்கம் தண்ணீர் குடிக்க மட்டும் வருவார். நான் மின் அலுவலகத்தில் மீட்டர் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் பத்து நாள் பயிற்சிக்கு மதுரைக்குப் போகச் சொன்னபோது முதலில் பிள்ளைகளின் சாப்பாட்டைத்தான் நினைத்தேன். பெரியவள் தாமிராவுக்கு ஏழு வயது, எதைக் கொடுத்தாலும் தின்றுவிடுவாள். சின்னவன் மணிக்கு மூன்று வயது. சோற்றைக் குழையப் பிசைந்து, உருட்டி, நான் என் கையால் ஊட்டினால்தான் உள்ளே போகும். வேறு யார் உருட்டினாலும் வாயைப் பூட்டிக்கொள்வான்.

"நீ கவலைப்படாமப் போயிட்டு வா. கடையில இருந்து ஒரு பொட்டலம் இந்த வாசல்படி ஏறாது. மாவுகூட பாக்கெட்ல வாங்க மாட்டேன். அரைக்கதுல இருந்து ஆக்குறது வரைக்கும் எல்லாம் இந்தக் கைதான்" என்று அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் காட்டினார். நான் பாதியைத் தள்ளிவிட்டு பஸ் ஏறினேன்.

பயிற்சியின் கடைசி நாள், மேலதிகாரி கூப்பிட்டு இன்னொரு சேதி சொன்னார். சென்னையில் மூன்று மாதப் பயிற்சி. முடித்தால் பதவி உயர்வு. வருகிறேனா இல்லையா என்று ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். எனக்குப் போக வேண்டும் என்று கொள்ளை ஆசை. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் போனிலேயே புளுகுவார், நேரில் பார்த்து முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டேன். ஞாயிறு மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிட வந்த அண்ணனிடம் மட்டும் சொன்னேன்.

"மூணு மாசமா? ரெண்டு பிள்ளையளையும் அவன்ட்ட விட்டுட்டா? முதல்ல பத்து நாள்ல அதுக என்ன கதியில இருக்குன்னு பாரு" என்றான் அண்ணன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மணியின் கன்னத்தைத்தான் பார்த்தேன். ஒட்டவில்லை. கொஞ்சம் உப்பியே இருந்தது. எதைத் தின்று உப்பியது என்பதுதான் தெரிய வேண்டும். அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. சொரிமுத்து இடுப்பில் என் பழைய துண்டைக் கட்டிக்கொண்டு, கட்டைவிரலில் பொம்மை படம் போட்ட பிளாஸ்திரியோடு வந்து நின்றார்.

"வாங்க மச்சான், உக்காருங்க. செல்வி, நீயும் உக்காரு. இன்னைக்கி நீ அடுப்படிக்குள்ள காலே வைக்கக் கூடாது."

"என்னத்த மாப்ள ஆக்கிப் போட்டீரு பத்து நாளும்?" என்று அண்ணன் ஆரம்பித்துவைத்தான். அது போதாதா அவருக்கு?

"முதல் நாள் சாம்பார்ப்பொடி வறுத்தேன் மச்சான். கடைப்பொடி ஆகாதுன்னு மல்லி, மிளகாவத்தல், கடலைப்பருப்பு எல்லாம் தனித்தனியா வறுத்தேன். நெடி கிளம்பிச்சு பாருங்க, இந்தத் தெருவே ஒரே நேரத்துல தும்மிச்சு. ஒரே தும்மல்தான். வாசல்ல நிக்க வேப்பமரத்துல ஒரு இலை பாக்கி இல்ல. எல்லாம் கொட்டிட்டு. வேணும்னா எட்டிப் பாருங்க."

அண்ணன் எட்டிப் பார்த்தான். மரம் மொட்டையாகத்தான் நின்றது.

"மாசி மாசம் வேம்பு இலை உதிர்க்காம வேற என்ன செய்யும்?" என்றான்.

"மாசியில கொஞ்சம் கொஞ்சமால்லா உதிரும்? இது ஒரே தும்மல்ல" என்றாள் தாமிரா, கையைக் கட்டிக்கொண்டு. அப்பாவை உரித்து வைத்த பிள்ளை.

"ரெண்டாம் நாள் மாவு அரைக்கப் போட்டேன். பாதியில கரண்ட் போயிட்டு. விட்டுருவனா? மணியோட மூணு சக்கர சைக்கிளக் கொண்டாந்தேன். கிரைண்டர் கல்லுல ஒரு கயித்தக் கட்டி, மறு முனைய சைக்கிள்ல கட்டி, 'ஓட்டுல ராசா'ன்னேன். ஹாலச் சுத்தி எண்ணூறு சுத்து. உளுந்து வெண்ணெயாட்டம் வந்துட்டு. அதோட நின்னுச்சா? இவன் மிதிச்ச மிதியில கரண்ட் நம்ம வீட்டுல இருந்து வெளிய ஓட ஆரம்பிச்சிட்டு. மீட்டர் பின்னால சுத்துது. எதிர்வீட்டுல டி.வி. ஓடுது."

"நான் மீட்டர் செக்ஷன்லதான் வேலை பாக்கேன்" என்றேன்.

"அதனாலதான் உன்ட்ட சொல்லுதேன். வேற ஆளுன்னா நம்ப மாட்டாவ."

மூலையில் கிடந்த சைக்கிளைப் பார்த்தேன். பின்சக்கரத்திலும் சீட்டிலும் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. மணி அரைப்பதற்கு உதவி செய்திருக்கிறான் என்று மட்டும் தெரிந்தது. எப்படி உதவியிருப்பான் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"சரி, அந்த மாவு என்ன ஆச்சு?" என்றான் அண்ணன்.

"அதக் கேளுங்க! கரைச்சு, உப்புப் போட்டு, மூடி வச்சேன். கொஞ்ச நேரத்துல தட்டு ஆடுது. மேல அம்மிக்குழவியத் தூக்கி வச்சேன், குழவி உருண்டு போயிட்டு. பாரம் வேணுமேன்னு மணியத் தூக்கித் தட்டு மேல உக்கார வச்சேன். அவனும் அப்படியே தூங்கிட்டான். காலையில பாத்தா பிள்ளையக் காணும். எங்கன்னு தேடுதேன், தலைக்கு மேல சிரிப்புச் சத்தம். மாவு பொங்கிப் பொங்கி ஃபேனத் தொட்டுட்டு. இவன் மேல உக்காந்து ஃபேன் தூசியத் துடைச்சிட்டிருக்கான். செல்வி, நீ ரெண்டு வருசமா துடைங்க துடைங்கன்னு சொல்லுத ஃபேனு!"

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஃபேன் பளபளவென்று இருந்தது. இரண்டு வருடமாக நான் கரடியாய்க் கத்தியும் துடைக்காத ஃபேன். கொஞ்சம் உற்றுப் பார்த்ததும் புரிந்தது. ஃபேனைச் சுற்றிக் கூரையில் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாக மாவு தெறித்திருந்தது. மிக்ஸியை மூடாமல் போட்டிருக்கிறார். கை எட்டியவரை துடைத்திருக்கிறார்.

"இட்லி வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சாவா? ஃபேன் போட்டா இட்லி பறக்கு மச்சான்! சன்னல எல்லாம் சாத்திட்டு, ஃபேன நிறுத்திட்டு, ஒவ்வொரு இட்லி மேலயும் ஒரு கரண்டி சட்னிய வச்சு அமுக்கித்தான் தின்னோம். ரெண்டு தப்பிச்சுப் போயிட்டு. மொட்டை மாடித் தண்ணித் தொட்டி மேல ஒண்ணு இன்னும் நிக்கு. புறான்னு நினைச்சு பக்கத்து வீட்டுக்காரர் பொரி போட்டுட்டிருக்காரு."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். என்னைத் திரும்பிப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினான். எனக்கும் மனசு இறங்கிக்கொண்டேதான் வந்தது. சிரிப்பு ஒரு பக்கம் வந்தாலும், இதில் பிள்ளை சோறு தின்றானா என்பதற்கு மட்டும் பதிலே இல்லை. மணியோ என் மடியில் உட்கார்ந்து கம்மலைத் திருகிக்கொண்டிருந்தான்.

"சொல்லுதேன்னு கோவிக்காதீரும் மாப்ள. ஒண்ணாவது நம்புறாப்ல சொல்லும்" என்றான் அண்ணன்.

மச்சான் சந்தேகப்பட்டால் அவருக்கு இன்னும் இரண்டு சுற்று கூடும். "அப்போ பூரிக் கதையக் கேளுங்க. ஆறாம் நாள். கோதுமை மாவு பிசைஞ்சு, நானே தேய்ச்சு எண்ணெயில போட்டேன். உப்புது உப்புது, நிக்கவே இல்ல. சட்டிய விட்டு எழும்பிட்டு. 'தாமிரா, பிடிட்டி'ன்னேன். பிள்ள ரெண்டு கையால பிடிச்சுது. பூரி அவளையும் தூக்கிட்டு பால்கனி வழியா வெளிய போயிட்டு. முதல் மாடிய விட்டு ரெண்டாம் மாடி, மூணாம் மாடி! மூணாம் மாடியில ஞானசுந்தரி அக்கா துணி காயப்போட்டுட்டு நின்னாவ. துணி மாட்டுற கம்பால எட்டி இழுத்து உள்ள போட்டாவ."

"மேல இருந்து நம்ம ஸ்கூல் தெரிஞ்சுதும்மா. டீச்சருக்கு டாட்டா காட்டுனேன்" என்றாள் தாமிரா.

"எண்ணெய் சுடலையாட்டி?" என்றான் அண்ணன்.

"ஊதி ஊதித்தான் பிடிச்சேன் மாமா."

அண்ணன் பொறுக்க மாட்டாமல் எழுந்து அடுப்படிக்குள் போனான். பாத்திரங்களை உருட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவன் கையில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி. முகத்தில் வெற்றி.

"செல்வி, உன் பாத்திரத்துல என்ன பேரு வெட்டியிருக்கும்?"

"சு. ஆவுடைச்செல்வின்னு இருக்கும். நீதான கடையில நின்னு வெட்டி வாங்கிட்டு வந்த?"

"இதுல பாரு. ம. ஞானசுந்தரி! மூணாம் மாடிக்காரம்மா சட்டிக்கு இங்க என்ன ஜோலி? பத்து நாளும் குழம்பு அங்க இருந்து வந்திருக்கு. உன் வீட்டுக்காரர் வாயால மட்டும் சமைச்சிருக்காரு!"

சொரிமுத்து சட்டியில் வெட்டிய பேரையும் வாசல் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். சென்னை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"அது வந்து மச்சான்..." என்று ஆரம்பித்தார். கண் மின்னியது. "பூரி மேல போயிட்டுல்லா? கீழ இறங்கணும்னா பாரம் வேணுமா வேண்டாமா? அதான் அக்கா, பிள்ள கையில இந்தச் சட்டியக் கொடுத்து இறக்கிவிட்டாவ!"

அண்ணன் சட்டியை மேசைமேல் டங்கென்று வைத்த அதே நேரம் வாசல் மணி அடித்தது. ஞானசுந்தரி அக்காவேதான். துணி தைக்கிறவர், கழுத்தில் டேப் தொங்கியது. கையில் என் பேர் வெட்டிய சட்டி.

"செல்வி, வந்துட்டியா? பாத்திரம் கொடுக்க வந்தேன். வெறுஞ்சட்டியாக் கொடுக்க வேண்டாம்னு ரெண்டு அதிரசம் வச்சிருக்கேன்."

"அக்கா, நீங்கதான் பத்து நாளும் குழம்பு கொடுத்தீங்களா?" என்று நேராகவே கேட்டேன்.

"பத்து நாளா? முதல் மூணு நாள் கொடுத்தேன், பிள்ளையளப் பாத்தா பாவமா இருந்துச்சு. நாலாம் நாள் உன் வீட்டுக்காரரு, இனி வேண்டாம்க்கா, நானே பாத்துக்கிடுதேன்னு பருப்புக் குழம்பு வச்சுக் கொடுத்துவிட்டாரு. உப்பே இல்ல. மறுநாள் வெறும் உப்பு. அதுக்கு மறுநாள் கருகல். ஒரு நாள் விடாம கொடுத்துவிட்டு, என்ன குறைன்னு கேட்டுட்டுப் போவாரு. நேத்து வச்சது பரவாயில்ல. எங்க வீட்டுக்காரருக்கு வைக்காம நானே தின்னுட்டேன்."

சொரிமுத்து துண்டை அவிழ்த்து மடிக்கத் தொடங்கினார். உண்மை வெளியே வந்தால் அவருக்குக் கூச்சம் வந்துவிடும்.

"அப்ப சின்னவன்? அவன் தின்னானா?" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதும்மா. ஒரு நாள் வந்து, 'அக்கா, அவன் வாயத் திறக்க மாட்டேங்கான், செல்வி எப்படி உருட்டுவா?'ன்னு கேட்டாரு. பிள்ளட்டயே கேளும்னு சொல்லிட்டு மெஷின மிதிக்கப் போயிட்டேன்."

அக்கா போனதும் நான் யாரையும் கேட்கவில்லை. கையைக் கழுவி, குக்கரிலிருந்து சோற்றை எடுத்து, பருப்புக் குழம்பு ஊற்றி, நெய் விட்டுப் பிசைந்தேன். பத்து நாளாக அந்தப் பிள்ளைக்கு ஊட்டாத கை. ஆசையாக ஒரு உருண்டை உருட்டி அவன் வாயருகே கொண்டுபோனேன்.

மணி உருண்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஏம்ல? அம்மா கைதாம்ல இது?"

"நீ வேண்டாம். அப்பா உருட்டணும்" என்றான். "அப்பா உருண்டையில வெங்காயம் ஒளிஞ்சிருக்கும்."

சுருக்கென்றிருந்தது, பொய் சொல்வானேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. ஆனால் பத்து நாளும் அவர் கையால் தின்றிருக்கிறான் என்று புரிந்த அந்த நிமிடமே சிரிப்பும் வந்துவிட்டது. பிசைந்த சட்டியை அவர் பக்கம் தள்ளினேன். பிளாஸ்திரி போட்ட கையால் அவர் உருட்டி, நடுவில், தனியாக வதக்கி வைத்திருந்த சின்ன வெங்காயம் ஒன்றைப் புதைத்து நீட்டினார். மணி ஆவென்று வாயைத் திறந்தான். ஏழு உருண்டை போனது. அண்ணனும் ஒன்றுக்குக் கையை நீட்டினான்.

நான் போனை எடுத்தேன். "சார், ஆவுடைச்செல்வி பேசுறேன். சென்னைக்கு வர்றேன் சார். ஆமா, மூணு மாசமும்."

உருண்டை உருட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"மூணு மாசமா? யாரு? எங்க?"

சொன்னேன். அவர் ஃபேனைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக, தானாகவே, யாரும் கேட்காமல் ஒரு உண்மையைச் சொன்னார்.

"ஏட்டி செல்வி, நான் சொன்னதுல பாதி புளுகுட்டி!"

"தெரியும். அந்த மறுபாதிய நம்பித்தான் போறேன்" என்றேன்.