அஸ்தி கேட்கப் போனவர்

“‘அஸ்தியைக் கொடு.’ இதைச் சீனத்தில் எப்படிச் சொல்வது?”

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சாத்தப்பன் கேட்டுவிட்டார்.

லின் மெய் நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய மகள் வயதுதான் இருக்கும் அவளுக்கு. மலேசியாவில், ஈப்போவில் தமிழர்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். இப்போது சீனாவின் குன்மிங் நகரத்தில் வெளியூர்க்காரர்களுக்குச் சீனம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“யாருடைய அஸ்தி, ஐயா?”

“என் மகள் உமையாள். டாக்டருக்குப் படிக்க இங்கே வந்தாள். பஸ் ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டாள். நான் கல்யாணத்துக்கு வரவில்லை. அப்புறம் பேசவும் இல்லை.” கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். “காய்ச்சலில் போய்விட்டாள். ராமேஸ்வரத்தில் கரைக்க வேண்டும். அவனுக்குச் சீனத்தைத் தவிர எதுவும் தெரியாதாம்.”

“நான் கூட வந்து பேசட்டுமா?”

“வேண்டாம். என் மகளை நானே கேட்கிறேன்.”

தேவகோட்டையில் அவருக்கு அரிசி ஆலை இருந்தது. அங்கே அவர் சொன்னால் நடக்கும். ஏன் என்று கேட்டவர் கிடையாது.

“கீழே டீக்கடை இருக்கிறது,” என்றாள் லின் மெய். “போய் வெந்நீர் கேட்டு வாங்கி வாருங்கள். தண்ணீருக்கு ஷுய். தயவுசெய்து என்பதற்கு ‘சிங்’, அதை முதலில் சொல்ல வேண்டும். நம் தமிழில் மரியாதை, வார்த்தையின் வாலில் வரும். இங்கே தலையில் வரும்.”

“வெந்நீருக்கா நான் வந்தேன்?”

அவள் ஒரு கோப்பையை நீட்டினாள்.

போன வேகத்தில் திரும்பினார். கோப்பை நிறைய வெந்நீர் இருந்தது.

“கிடைத்துவிட்டது. சிங் எல்லாம் தேவைப்படவில்லை. கோப்பையை மேஜையில் தட்டினேன், ஊற்றினார்கள்.”

“ஊற்றியவர் ஆணா, பெண்ணா?”

சாத்தப்பன் யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

“சரி,” என்றாள் லின் மெய். “நாளைக்கு வாருங்கள்.”

“நாளைக்கா? வெள்ளிக்கிழமை எனக்கு விமானம்!”

மறுநாள் டீக்கடை திறக்கும் முன்பே வந்து, வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“நெங் பு நெங்,” என்றாள் அவள். “இதைச் சேர்த்துக் கேளுங்கள்.”

“என்ன அர்த்தம்?”

“முடியும், முடியாது. இரண்டையும் சேர்த்து அவர் முன்னால் வைப்பது.”

“முடியாது என்பதை நானே அவன் வாயில் எடுத்துக் கொடுப்பதா?”

“ஆமாம்.”

“அவன் அதையே பிடித்துக்கொண்டால்?”

லின் மெய் சட்டென்று அவருடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். இறுக்கமாக.

“எனக்குக் கை கொடுங்கள், ஐயா.”

“அதான் பிடித்துவிட்டாயே! இனி நான் எதைக் கொடுக்க?”

அவள் விட்டுவிட்டாள். தன் உள்ளங்கையை மேஜைமேல் விரித்து வைத்தாள். காத்திருந்தாள்.

சாத்தப்பன் அந்தக் கையைப் பார்த்தார். எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மருமகன் வெய்யின் வீடு நாலாவது மாடியில் இருந்தது. படியேறும்போதே சாத்தப்பன் முணுமுணுத்துக்கொண்டு போனார். கெய் வோ, எனக்குக் கொடு. கெய் வோ, கெய் வோ. அவ்வளவுதான் வேண்டும்.

கதவு திறந்தது. சவரம் செய்யாத முகம். பஸ் கம்பெனிச் சட்டையைக் கழற்றாமலே தூங்கியிருக்கிறான் போல. அவனுக்குப் பின்னால் ஜன்னலோரம் வெள்ளைப் பீங்கான் ஜாடி. பக்கத்தில் உமையாளின் மூக்குக்கண்ணாடி, துடைத்து மடித்து வைத்திருந்தது.

படியில் முணுமுணுத்ததைச் சாத்தப்பன் விட்டுவிட்டார். ஜாடியைக் காட்டினார்.

“சிங்…” என்றார். “நெங் பு நெங்… கெய் வோ…”

கொஞ்சம் என்பதற்கு வார்த்தை தெரியவில்லை. கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுக் காட்டினார்.

வெய் ஜாடியைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். கண் நிறைந்து வழிந்தது.

“பு நெங்.”

முடியாது.

ஆலையில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் மேஜை உடைந்திருக்கும். சாத்தப்பன் நின்றுகொண்டே இருந்தார். கோபம் வரும் வரும் என்று பார்த்தார். வரவில்லை. அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வெய் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். தமிழில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டான்.

“அப்பச்சி.”

சாத்தப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உமையாள் அவரைக் கூப்பிடும் சொல் அது.

“உமை… சின்னப் பொண்ணா… எப்படி? சொல்லுங்க. நெங் பு நெங்?”

வெள்ளிக்கிழமை காலையில் லின் மெய் கதவைத் திறந்தபோது சாத்தப்பன் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“விமானம்?”

“போய்விட்டது.”

“அஸ்தி கொடுத்தாரா?”

“இல்லை.”

“பிறகு ஏன் வந்தீர்கள், ஐயா?”

“‘நாளைக்கும் வரலாமா?’” என்றார் சாத்தப்பன். “இதை அவனிடம் எப்படிக் கேட்பது?”