நேர்வரிசையில் மூன்று விளக்குகள்

"இந்தக் கருவியைத் தூக்கிக் குப்பையில போடப்போறேன், மேடம்," என்றான் கோமகன்.

பேராசிரியர் திலகேஸ்வரி நூலகத்தின் வாசிப்பறையைச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"ரூபவதி அக்காவையே கேளுங்க."

ரூபவதிக்குக் கண் தெரியாது. கையில் கோமகன் செய்துகொடுத்த, வழி சொல்லும் கருவி. நெற்றியில் புதுசாய் ஒரு புடைப்பு.

"கதவு வலப்பக்கம்னு சொல்லிச்சு, திரும்பினேன். அலமாரி வந்து முட்டிச்சு. இன்னும் ஒரே ஒரு தடவை நடக்கிறேன், தம்பி. அதுக்கப்புறம் எனக்கு என் கோலே போதும்."

அறையின் ஒரு பக்கம் ஜன்னல், எதிர்ப்பக்கம் அலமாரி. கூரையின் நடுவே, நூல் பிடித்தாற்போல் மூன்று விளக்குகள். ஒவ்வொன்றும் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் தனக்கென்று ஒரு விதமாய்ச் சிமிட்டும். எந்த விளக்கு எவ்வளவு தூரம் என்று கருவி கணக்குப் போட்டு, ஆள் நிற்கும் இடத்தைச் சொல்லும்.

"தூரம் ஒரு விரல்கூடப் பிசகலை, மேடம். ஆனா ஜன்னல் பக்கம் நிக்கிறவங்களை அலமாரிப் பக்கம் நிக்கிறதாச் சொல்லுது. சில நேரம் சரியாவும் சொல்லித் தொலைக்குது! இன்னும் எத்தனை தடவைதான் கணக்கைப் பார்க்கிறது?"

திலகேஸ்வரி ஒரு கயிற்றுச் சுருளை எடுத்துவந்தார்.

ஒவ்வொரு விளக்குக்கும் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மூன்றிலும் கயிறு கட்டினார். மூன்று முனைகளையும் ஓரிடத்துக்கு விறைப்பாய் இழுத்து, ஒரே முடிச்சாக்கி கோமகன் கையில் கொடுத்தார். கைக்குட்டையால் அவன் கண்ணைக் கட்டினார்.

"விளையாடுற நேரமா, மேடம் இது?"

அவனைப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றிவிட்டார்.

"நட. மூணு கயிறும் விறைக்கிற இடத்துல நில்லு."

தடுமாறிப் போய் நின்றான்.

"மூணும் விறைப்பா இருக்கா?"

"இருக்கு."

"எந்தப் பக்கம் நிக்கிறே?"

கயிறுகளை ஒவ்வொன்றாய் இழுத்துப் பார்த்தான்.

"ஜன்னல் பக்கம்."

ரூபவதி சிரித்துவிட்டார். "குரல் அலமாரிப் பக்கமிருந்துல்ல வருது. நெத்தி பத்திரம், தம்பி."

கண்கட்டை அவிழ்த்தான். மூக்குக்கு நேரே அலமாரி.

முடிச்சை விடாமல் நாற்காலிகளைத் தாண்டி ஜன்னல் பக்கம் போனான். அங்கேயும் மூன்றும் விறைத்தன.

நாற்காலிகளைப் பார்த்தான். அண்ணாந்து பார்த்தான். "மூணும் ஒரே வரிசையில இருந்தா, ரெண்டு பக்கமும் ஒரே தூரம்தானே!" என்றான்.

பிறகு போய் ஏணியைக் கொண்டுவந்தான். நடு விளக்குக்குக் கீழே சாய்த்து, இரண்டு படி ஏறி, நின்றுவிட்டான்.

"மேடம், இதைச் சுவரோரமாத் தள்ளி மாட்டினா வரிசையே கோணலாயிடுமே. பார்க்க நல்லாவா இருக்கும்?"

திலகேஸ்வரி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"யாருக்கு?" என்றார் ரூபவதி.