பன்னிரண்டாயிரம் மண்வெட்டி

மகிழ்மாற மகாராஜாவின் வேட்டை யானைக்குக் கால் வீங்கியிருந்தது. வேட்டைக்குப் போக வழியில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல், ராஜ்யத்தில் தேர்தல் நடத்திப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்.

செம்பியூர் ராஜ்யத்தில் கிராமத்துச் சபைகளுக்கு ஏற்கெனவே தேர்தல் உண்டு. பிடித்தவர் பெயரைப் பனையோலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். அதையே ராஜா ஏழு மாவட்டங்களுக்கும் விரித்தார். மாவட்டத்துக்கு ஒருவர் சட்டசபையில் உட்காரலாம். அந்த மாவட்டத்து ஏரி, குளம் எல்லாம் அவர் சொன்னபடி. முறை நன்றாகத்தான் இருந்தது, மருதக்குடி மாவட்டத்தில் மகாராணியின் தம்பி வாணாதிராயர் நிற்கும் வரைக்கும்.

வாணாதிராயருக்கு மக்கள் சேவையில் ஆசை கிடையாது. மருதக்குடிப் பெரிய ஏரியில் ஆசை. கரையை உடைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு உள்ளே கரும்பு போடுவதாகத் திட்டம். அந்த ஏரியை நம்பித்தான் அந்த மாவட்டமே சோறு தின்றது. அதனால் உமையாள் என்கிற விவசாயி அவரை எதிர்த்து நின்றாள்.

முடிவு நாளன்று மாவட்டம் மாவட்டமாகக் குதிரைவீரர்கள் வந்து அரசவையில் முடிவைச் சொன்னார்கள். ஆறு மாவட்டங்களில் பெரிய குறையொன்றும் இல்லை. ஓரிடத்தில் மட்டும் எருமை ஒன்று குடத்தில் வாயை விட்டுக் கொஞ்சம் ஓலையைத் தின்றுவிட்டது. எருமை எந்தக் கட்சி என்று சிறு தகராறு நடந்து ஓய்ந்தது. கடைசியாக மருதக்குடி. உமையாளுக்கு மூவாயிரம். வாணாதிராயருக்குப் பன்னிரண்டாயிரம்.

சபை கைதட்டியது. கைதட்டல் அடங்குமுன் உமையாள் வந்து நின்றாள்.

"மகாராசா, எங்க மாவட்டத்துல கைக்குழந்தையச் சேத்தாலும் எட்டாயிரம் தலை தேறாது. பன்னிரண்டாயிரம் ஓலை எங்கேருந்து வந்துச்சு?"

ராஜா பக்கத்து ஆசனத்தைப் பார்த்தார். மகாராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாவுக்கு உடனே கோபம் வந்தது.

"இன்று முதல் ஓட்டு எண்ணிக்கையைச் சந்தேகிப்பவர் தலை போகும். இது ஆணை! நீ ஆணைக்கு முன்னால் பேசிவிட்டாய், பிழைத்துப் போ."

"நாளைக்கே கரையை உடைக்கிறேன் அத்தான்" என்று வாணாதிராயர் மீசையைத் தடவினார்.

உமையாளின் கண்ணில் நீர் முட்டியது. அரசவைப் புலவர் திருமேனியாருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதே சமயம் அவருக்குத் தம் தலை மேலும் பிரியம் உண்டு. மெல்ல எழுந்தார்.

"மகாராஜா, இந்த எண்ணிக்கையை நான் முழுசாக நம்புகிறேன். இவ்வளவு நம்பிக்கை எனக்கு என் கவிதைமேல்கூட வந்ததில்லை."

"சந்தோஷம்."

"நம் கிராமங்களில் ஒரு வழக்கம் உண்டு. குடத்தில் ஓலை போட்ட ஒவ்வொருவரும் கோடையில் ஒருநாள் ஏரியில் தூர் வார வேண்டும். நின்றவர்கள் தங்கள் தங்கள் ஆட்களை அழைத்து வர வேண்டும். அந்த வேலை முடியும்வரை ஜெயித்தவர் ஏரியைத் தொடக்கூடாது. இப்போது கோடைதானே. நம் இளவலுக்குப் பன்னிரண்டாயிரம் மண்வெட்டி! கண்கொள்ளாக் காட்சியாக இருக்குமே மகாராஜா!"

வேட்டை இல்லாமல் வாடியிருந்த ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாளைக் காலை எல்லோரும் ஏரிக்கு! நானும் வருகிறேன்."

வாணாதிராயருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ஏரியில் ஒரு பக்கம் உமையாளின் ஆட்கள் மண்வெட்டியும் கூடையுமாக நிறைந்து நின்றார்கள். மறுபக்கம் வாணாதிராயரின் வீட்டு வேலைக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர். சமையற்காரர் கரண்டியோடு வந்திருந்தார்.

"மீதிப்பேர் எங்கே மைத்துனரே?" என்றார் ராஜா.

"அவர்களுக்கு... உடம்பு சரியில்லை அத்தான்."

"இத்தனை பேருக்கும் ஒரே ராத்திரியிலா?" திருமேனியார் பதறினார். "கொள்ளைநோய் மகாராஜா! மருதக்குடிக்காரர் பக்கத்தில் நிற்காதீர்கள்."

ராஜா தள்ளி நின்றார். மகாராணி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"நோயெல்லாம் இல்லை! வெளிதேசம் போயிருக்கிறார்கள்."

"பன்னிரண்டாயிரம் பேர் எல்லை தாண்டினால் அதற்குப் பெயர் படையெடுப்பு. பக்கத்து ராஜா இந்நேரம் முரசு கொட்டியிருப்பாரே?"

சேனாதிபதி கிழக்கே பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஐயோ, எல்லை தாண்டவில்லை! செத்துப்போய்விட்டார்கள்!"

"முந்தாநாள் ஓட்டுப் போட்டவர்கள் இன்றைக்கு இல்லையா?" திருமேனியார் குரல் தழுதழுத்தது. "மகாராஜா, உங்கள் ஆட்சியில் இப்படியொரு படுகொலை நடந்ததில்லை. கடைசியாக அவர்களைப் பார்த்தது யார் என்று விசாரிக்க வேண்டும்."

காவலர்கள் இரண்டு பேர் வாணாதிராயரின் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவர் வேர்த்து விறுவிறுத்துப் போனார்.

"நான் யாரையும் கொல்லவில்லை! அப்படி ஆட்களே கிடையாது! ஓலையெல்லாம் என் வீட்டிலேயே எழுதிப் போட்டது. அந்த எண்ணிக்கையே பொய்!"

திருமேனியார் தலைகுனிந்து கைகூப்பினார்.

"மகாராஜா, சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஆணை என்றால் ஆணைதான். இவர் ஓட்டு எண்ணிக்கையைச் சந்தேகிக்கிறார்."

ராஜா மைத்துனரைப் பார்த்தார். புலவரைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சேனாதிபதியும் சிரித்தார், அவருக்கு விஷயம் புரியாவிட்டாலும்.

"தலை வேண்டாம்" என்றார் மகாராணி, பல்லைக் கடித்தபடி. "இவன் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுங்கள்."

மருதக்குடி உறுப்பினர் உமையாள்தான் என்று அங்கேயே அறிவித்தார்கள். புலவருக்கு ராஜா தம் கைக்காப்பைக் கழற்றிக் கொடுத்தார். ஏரியில் வேலை தொடங்கியது. சாயங்காலம் வரை வாணாதிராயர் தூர் வாரியது மூன்று கூடை மண். முந்நூறு கூடை என்று அவர் கணக்குச் சொன்னார். நல்லவேளை, எண்ணியது உமையாள்.